கழுத்து நம்பர்

லைட்டு, ஹாரன், மட்கார்டு, பக்கக் கண்ணாடி, சேலை கார்டு என்று தெருவில் ஓடும் வண்டிக்கு வேண்டிய எல்லாவற்றையும் கழற்றி எறிய மாதவனுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை போதுமானதாக இருந்தது. அவற்றைத் திரும்ப மாட்டத்தான் மார்கழி முழுவதும் பற்றவில்லை. கழற்றியதில் பாதி மழையில் துருவேறிப் போயிருந்தது. மீதியைக் கேட்டவனுக்கெல்லாம் தூக்கிக் கொடுத்திருந்தான். ஊருக்குக் கொடுப்பதில் அவனுக்கு எப்போதும் தாராள மனசு.

மாரிமுத்து வாசலில் கவிழ்த்துப் போட்ட பெயிண்ட் டப்பாவின் மேல் உட்கார்ந்து மகன் செய்வதைப் பார்த்துக்கொண்டிருந்தார். இரவுக் காவல் வேலை முடிந்து வந்தவர் படுக்கப் போயிருக்க வேண்டும். மத்திகிரியைத் தாண்டி, ரோஜாத் தோட்டத்துப் பிளாஸ்டிக் கூடாரங்களுக்குப் பக்கத்தில் இருந்த அந்த வரிசை வீடுகளில் மார்கழிக் குளிர் லேசில் விலகாது. குளிரில் அவருடைய விரல் நுனிகள் வெளுத்துவிடும். முப்பது வருடம் இரும்பு தேய்க்கும் கிரைண்டரைப் பிடித்த கை. மெஷினை விட்டுப் பல காலமாகியும் கைக்குள் மெஷின் ஓடிக்கொண்டே இருந்தது. டம்ளரைப் பிடித்தால் காபி தளும்பும். பேச்சியம்மாள் அவருக்கு முக்கால் டம்ளர்தான் ஊற்றுவாள். அதைப் பற்றி புருஷனும் பெண்சாதியும் ஒருநாளும் பேசிக்கொண்டதில்லை.

வண்டி அவருடையது. கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்து, சிப்காட்டில் ஒரு வார்ப்புக் கம்பெனியின் கிரைண்டிங் செக்‌ஷனில் நின்று, தன் பேரில் அவர் வாங்கிய முதல் பொருள். சின்ன டூ-ஸ்ட்ரோக் வண்டி. மாதவனைப் பள்ளிக்கூடத்தில் விட்டதும் பேச்சியம்மாளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனதும் அதில்தான். கொரோனா சமயத்தில் ஆர்.சி.யின் கெடு முடிந்தது. அதற்குள் அவருடைய கையும் கிளட்ச்சைப் பிடிக்க மறுத்துவிட்டதால் புதுப்பிக்காமல் விட்டார். மகன் அதை எடுத்துப் பந்தய வண்டி ஆக்கினான்.

மாநில எல்லைக்கு அந்தப் பக்கம், மாலூர் வழியில், மணிக்கணக்கில் வாடகைக்கு விடும் ஓட்டப்பாதை ஒன்று உண்டு. ரோட்டில் ஓட்டக்கூடாத வண்டியைக் குட்டியானை டெம்போவில் ஏற்றிக்கொண்டு ஞாயிறுதோறும் நண்பர்களோடு போவான். சாயங்காலம் புழுதியும் எண்ணெய் நாற்றமுமாக வந்து இறங்குவான். முகம் மட்டும் கல்யாண வீட்டுக்குப் போய்வந்தவன் முகமாக இருக்கும். மாரிமுத்து ஒருமுறை அவனோடு போய்ப் பார்த்தார். வளைவில் முழங்கால் தரையில் உரசச் சாய்ந்துபோன வண்டியைத் தன்னுடையது என்று பக்கத்தில் நின்ற யாரிடமோ சொன்னார், சொன்ன பிறகு வெட்கப்பட்டார்.

இப்போது அது தெருவுக்கு வந்தாக வேண்டும். ஏழு வருடமாகக் காண்ட்ராக்டில், இரும்பை மெருகேற்றும் பஃபிங் செக்‌ஷனில் நின்ற மாதவனை நிரந்தரம் செய்வதாகக் கம்பெனி சொல்லிவிட்டது. ஆனால் வேலை சூளகிரிக்கு அப்பால் கட்டியிருக்கும் புது யூனிட்டில். பொங்கல் முடிந்த கையோடு சேர வேண்டும். முதல் ஷிஃப்ட் விடிவதற்குள் தொடங்கிவிடும், கம்பெனி பஸ் இன்னும் விடவில்லை. பேப்பர் சரியில்லாத வண்டியை கேட்டுக்குள் விடமாட்டார்கள். அதற்கும் மேலே, சேருகிறவன் மேல் எந்த வழக்கும் இல்லை என்று போலீசில் சான்று வாங்கித் தர வேண்டும். அதற்கு எழுதிப் போட்டாயிற்று, சேர்ந்த பிறகு கொடுத்தாலும் போதும். மருமகள் லாவண்யா வேலை பார்க்கும் இடத்தில் காண்ட்ராக்ட் மாசியோடு முடிகிறது. இனி அந்த வீட்டு அடுப்பு மாதவனின் நிரந்தர வேலையில்தான் எரிய வேண்டும்.

“இவ்ளோ பாடு என்னாத்துக்கு? பக்கத்து வூட்டுல மொபெட்டு சும்மாத்தானே நிக்குது,” என்றாள் லாவண்யா. காவேரிப்பட்டினத்துப் பெண், மனசில் பட்டதை வாயில் வைத்துக்கொள்ளத் தெரியாது.

பக்கத்து வீட்டு ராமப்பன் பல் துலக்கிக்கொண்டிருந்தான். இந்த மண்ணுக்காரன். ஒரு காலத்தில் இதே ரோஜாத் தோட்டம் ராகி வயலாக இருந்தபோது அதில் கூலிக்கு நின்றவன், இப்போது காயலான் கடையில் லோடு ஏற்றுகிறான். கடை வண்டியே வந்து கூட்டிப்போவதால் அவனுடைய பழைய மொபெட் சுவரோரம் சாக்குப் போர்த்திக்கொண்டு நின்றது.

“எத்துக்கினு போ மாதவா,” என்றான் வாயில் நுரையோடு. “பேப்பர் எல்லாம் சரியா இருக்குது. இன்சூரன்ஸ் கட்டியிருக்கறேன். பஸ் விடற வரைக்கும் வச்சுக்கோ. எனக்கு பேடா, வேணாம்.”

“அண்ணா, அதுல நான் சூளகிரி போய்ச் சேர்றதுக்குள்ள ஷிஃப்ட்டே முடிஞ்சிடும்.”

ராமப்பன் கோபித்துக்கொள்ளவில்லை, சிரித்தான். லாவண்யா சிரிக்கவில்லை.

“மெதுவா போனா மெதுவா போயிட்டுப் போவுது. ஒரு மணி நேரம் முன்னால கெளம்புங்க.”

“செக்‌ஷன்ல எல்லாவனும் என்னை ரேசர்னு கூப்பிடுறான். அவனுங்க முன்னாடி மொபெட்ல போய் இறங்கச் சொல்றியா?”

“பேர் சொல்லிக் கூப்பிடச் சொல்லுங்க அவங்கள.”

மாரிமுத்து இதில் வாய் திறக்கவில்லை. மருமகள் சொல்வது நியாயம் என்று அவருக்குத் தெரியும். ஆனால் தன் வண்டி மறுபடியும் ரோட்டில் போவதைப் பார்க்க வேண்டும் என்ற ஆசை அவருக்கும் இருந்தது. அதுவும் நிரந்தர வேலைக்குப் போகும் மகனைச் சுமந்துகொண்டு. அவர் அந்த வார்ப்புக் கம்பெனியில் கடைசிவரை காண்ட்ராக்டாகவே இருந்து வெளியே வந்தவர். ஆசை வந்துவிட்டால் நியாயம் கொஞ்சம் தள்ளித்தான் நிற்கும்.

வேலை நடந்தது. ஓட்டப்பாதைக்காகத் தாழ்த்தி வைத்த ஹேண்டில்பாரை எடுத்துவிட்டுப் பழைய அகல ஹேண்டில்பார் வந்தது. வழுக்கை டயர் போய்ப் பள்ளம் வெட்டிய டயர் வந்தது. காதைக் கிழிக்கும் பந்தயப் புகைக்குழாயைக் கழற்றினான். காயலான் கடைக் குவியலிலிருந்து அசல் சைலன்சர் ஒன்றை ராமப்பன் தோண்டி எடுத்து வந்தான், கரி ஏறி ஒரு ஆள் கனம் கனத்தது. அதைக் காஸ்டிக் சோடாவில் ஊறவைத்துக் கழுவியதில் வாசல் முழுக்கக் கறுப்பு ஓடியது. பேச்சியம்மாள் கோலம் போட இடம் தேடி அலைந்தாள்.

“மார்கழி மாசம், ஒரு வாசல் இருக்கா இந்த வீட்டுல? நாலு தூணுக்கும் வண்டிக் குடலு தொங்குது. நான் எங்கன புள்ளி வைக்க?”

“ஹெட்லைட் மேல வைம்மா.”

“வைக்கேன், உன் மண்டையில வைக்கேன்.”

எல்லாவற்றையும் மாட்டிய பிறகும் லைட்டு எரியவில்லை. பந்தயத்துக்கு லைட்டு எதற்கு என்று மேக்னெட்டில் இருந்த, லைட்டுக்குக் கரண்ட் கொடுக்கும் காயிலையே மாதவன் எடுத்திருந்தான். அதற்கும் ராமப்பனே காயலான் கடைக்கு ஓடினான். அவன் கொண்டு வந்த காயிலைப் பொருத்திக் கிக்கரை மிதித்தபோது, பனி இன்னும் கலையாத முற்றத்தில் மஞ்சளாக ஒரு வெளிச்சம் நடுங்கிப் பிடித்தது. வெள்ளைப் புகை எழுந்தது. மாரிமுத்துவுக்கு அந்த எண்ணெய்ப் புகை மூக்கில் ஏறியதும் கண் கலங்கிவிட்டது, புகை என்று சொல்லித் துடைத்துக்கொண்டார். ராமப்பனின் மனைவி கெம்பம்மா ராகிக் களியும் அவரைக்கொட்டைச் சாறும் கொண்டு வந்து வைத்தாள். எண்ணெய்க் கையோடேயே எல்லோரும் சாப்பிட்டார்கள். அந்த வீட்டில் அந்த மாதம் எல்லோரும் ஒன்றாகச் சிரித்தது அன்றைக்கு மட்டும்தான்.

சாப்பிட்டு முடித்ததும் மாதவன் ஒரு வெள்ளைத்தாளும் பென்சிலும் எடுத்து வந்தான். ஆர்.சி.யைப் புதுப்பிக்க வண்டியின் கழுத்து நம்பரைப் பென்சிலால் தேய்த்து அச்செடுத்துக் கொடுக்க வேண்டும். ஹேண்டில்பார் உட்காரும் இரும்புக் குழாயைத்தான் கழுத்து என்பார்கள், அதன் வலப்பக்கத்தில் சேசிஸ் நம்பரை அடித்திருப்பார்கள். தாளை அதன் மேல் வைத்துப் பென்சிலைப் படுக்கப் போட்டுத் தேய்த்தால் எழுத்துகள் தாளில் ஏறும்.

மாதவன் தேய்த்தான். தாள் கறுத்தது. இன்னும் கொஞ்சம் மேலே வைத்துத் தேய்த்தான். அதுவும் கறுத்தது, ஒரு எழுத்தும் ஏறவில்லை.

“என்ன மாதவா, தலைகீழா வச்சிட்டியா?” என்றான் ராமப்பன்.

மாதவன் மறுபடி குனிந்து பார்த்தான். தாளை எடுத்துவிட்டுக் கழுத்தை விரலால் தடவினான். அப்புறம் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

“அப்பா,” என்றான். “நான் மழுக்கிட்டேன்.”

“எதை?”

“நம்பரை. பவுடர் கோட்டிங்குக்கு அனுப்புறதுக்கு முன்னாடி. மேடும் பள்ளமுமா, ஒண்ணு ஏறி ஒண்ணு இறங்கிக் கோணலா இருந்துச்சு. ரோட்டுக்கே போகாத வண்டிக்கு நம்பர் எதுக்குன்னு... ஃபினிஷிங் நல்லா வரணும்னு பஃப் போட்டுட்டேன்ப்பா.”

மாரிமுத்து எழுந்து வந்து கட்டைவிரலால் தடவிப் பார்த்தார். ஒரு நெருடல் இல்லை. என்ன அருமையான வேலை என்றுதான் முதலில் அவருக்குத் தோன்றியது, ஆர்.சி. ஞாபகம் வந்தது அதற்கப்புறம்தான். மகனைத் திட்ட நாக்கு வரவில்லை. இரும்பில் ஒரு பிசிறைப் பார்த்தால் அவருடைய கையும் சும்மா இருந்திருக்காது. இந்த வேலையில் நின்றவர்களுக்கு அது ஒரு நோய்.

லாவண்யா ஷிஃப்ட்டில் விசாரித்துக்கொண்டு வந்தாள். அவளோடு வேலை பார்ப்பவளின் அண்ணன் ஆனந்த் வண்டிப் பேப்பர் வேலை செய்பவன்.

“துரு புடிச்சி நம்பர் போனவங்க எவ்ளோ பேரு இருக்காங்களாம். இன்ன மாதிரி ஆயிடுச்சுன்னு எழுதிக் குடுக்கணுமாம். போலீஸ்ல திருட்டு வண்டி இல்லன்னு லெட்டர் வாங்கணும். அப்பறம் ஆபீசுலயே ஆர்டர் போட்டு, அவங்க முன்னாடி அடிச்சுக் குடுப்பாங்களாம். தப்பே இல்லையாம்.”

“எவ்வளவு நாள் ஆகுமாம்?”

“ரெண்டு மாசம், மூணு மாசம்.”

“நான் சேர வேண்டியது பத்து நாள்ல.”

“அதுவரைக்கும் மொபெட்டு.”

“மறுபடியும் மொபெட்டா?” மாதவன் கையிலிருந்த ஸ்பேனரைத் தூக்கி முற்றத்தில் எறிந்தான். “அதுவுமில்லாம போலீஸ்ல எனக்கு சர்ட்டிபிகேட் வர வேண்டிய நேரத்துல, நம்பர் இல்லாத வண்டின்னு நானே போய் நிக்கணுமா? கூமுட்டையா நான்?”

“வண்டி மாமா பேர்ல இருக்குது. மாமா போவாரு.”

“எங்கப்பாவ ஸ்டேஷன் வாசல்ல நிக்க வைக்க மாட்டேன்,” என்றான் மாதவன். இந்த வார்த்தையை அவன் சொன்னது உண்மை. மனசாரத்தான் சொன்னான்.

போகிக்கு முந்தின நாள் லாவண்யா வேலைக்குப் போயிருந்தாள். பேச்சியம்மாள் பொங்கல் கரும்புக்கு ரேஷன் கடை வரிசையில் நின்றாள். மாதவன் ஒரு லேத் பட்டறையிலிருந்து நம்பர் பன்ச் பெட்டியை இரவல் வாங்கி வந்திருந்தான். ஒவ்வொரு எழுத்துக்கும் எண்ணுக்கும் ஒரு உளி. வாசல் கதவைச் சாத்திவிட்டு வண்டியை உள்ளே தள்ளினான்.

“ஆர்.சி.யைப் பார்த்து வாசிங்கப்பா. ஒண்ணொண்ணா.”

மாரிமுத்து கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். வேண்டாம்லே என்று சொல்ல அதுதான் நேரம். அவர் சொல்லவில்லை. முதல் எழுத்தை வாசித்தார்.

ஒரு தகட்டுத் துண்டில் மாதவன் அடித்துப் பழகினான். பிடிமானம் இல்லாத உளி ஆளுக்கொரு பக்கமாக விழுந்தது. மாரிமுத்து தகட்டை வாங்கிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

“என்னலே இது? குடிச்சவன் நடந்த மாதிரி இருக்கு.”

“கையால அடிச்சா இப்படித்தான்ப்பா வரும்.”

“ஏன் வருது? ஒரு பட்டையை வச்சு நேரா கட்டு. அதை ஒட்டி உளியை நிறுத்து. செய்யுத வேலையைத் திருத்தமா செய்யி.”

மாதவன் அப்படியே செய்தான். ஒரு இரும்புப் பட்டையைக் கழுத்தின் மேல் கட்டி, அதை ஒட்டி ஒவ்வொரு உளியாக நிறுத்தி, ஒரே அளவு ஓங்கி அடித்தான். அப்பா வாசிக்க மகன் அடிக்க, மத்தியானம் போனதே தெரியவில்லை. பட்டையை அவிழ்த்தபோது எண்கள் ஒரே வரிசையில், ஒரே ஆழத்தில் நின்றன. கொஞ்சம் உப்புத் தண்ணீர் தடவிப் பழசாக்கினார்கள். மாரிமுத்து கட்டைவிரலை அதன் மேல் ஓட்டினார்.

“அச்சு கோத்த மாதிரி இருக்குலே,” என்றார். அவ்வளவு சந்தோஷமாக அவர் மகனைப் பாராட்டியது அதற்கு முன் எப்போது என்று அவருக்கே ஞாபகமில்லை.

பொங்கல் கழிந்து வண்டியை ஆர்.டி.ஓ. ஆய்வுக்குக் கொண்டு போனார்கள். ஓட்டிப்போக முடியாது என்பதால் கடைசி முறையாகக் குட்டியானையில்தான் போயிற்று. மைதானத்தில் லாரிகளும் பள்ளிக்கூட வேன்களும் வரிசையாக நின்றன. பிரேக் இன்ஸ்பெக்டர் ஒரு பெண். மாதவன் வயசுதான் இருக்கும். ஸ்வெட்டருக்கு மேல் காக்கி போட்டிருந்தார், யாரையும் அதட்டவில்லை.

லைட்டைப் போடச் சொன்னார். எரிந்தது. ஹாரன், இண்டிகேட்டர், பிரேக், புகைச் சான்று எல்லாம் சரி.

“நல்லா வச்சிருக்கீங்களே பெரியவரே, இவ்வளவு பழைய வண்டிய,” என்றார். மாதவன் அப்பாவைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினான்.

அப்புறம் இன்ஸ்பெக்டர் பென்சில் அச்சை எடுத்து வண்டியின் கழுத்தோடு ஒத்துப் பார்க்கக் குனிந்தார். குனிந்தவர் நிமிரவில்லை. கைபேசி வெளிச்சத்தைப் போட்டுப் பார்த்தார். கட்டைவிரலால் தடவினார். மாரிமுத்து தடவிய அதே மாதிரி.

“கொஞ்சம் இங்க வாங்க.”

வரிசையில் அதே காலத்து இன்னொரு பழைய வண்டி நின்றது. அதன் கழுத்தைக் காட்டினார். எண்கள் ஒன்று ஏறி ஒன்று இறங்கி, ஒன்று அழுந்தியும் ஒன்று மேலாகவும் கிடந்தன.

“அந்தக் காலத்துல கம்பெனில கையால அடிச்ச நம்பர் இப்படித்தான் இருக்கும். உங்களோடது ஸ்கேல் வச்ச மாதிரி இருக்கு. இது யார் அடிச்சது?”

மைதானத்தில் எங்கோ ஒரு லாரி ஹாரன் அடித்து ஓய்ந்தது. மாதவனின் வாய் லேசாகத் திறந்தது. மாரிமுத்துவுக்குக் கண்முன்னால் நின்றது ஒன்றே ஒன்றுதான். போலீஸ் சான்று. இவன் பேரில் ஒரு வரி எழுதினால் ஏழு வருடமும் மண்.

“நான்தாம்மா,” என்றார். “வண்டி என் பேர்ல இருக்கு. துரு புடிச்சு அழிஞ்சு போச்சு, நான்தான் அடிச்சேன். அவனுக்கு ஒண்ணும் தெரியாது.”

“வந்து சொல்லியிருந்தா நாங்களே ஆர்டர் போட்டு அடிச்சுக் கொடுத்திருப்போமே. இப்ப இது கேஸ் ஆகுதே பெரியவரே.”

“தெரியாமப் போச்சும்மா.”

“எழுதிக் கொடுங்க.”

மேசையில் தாளை வைத்தார்கள். மாரிமுத்து பேனாவைப் பிடித்தார். காலைக் குளிரில் விரல்கள் சுண்ணாம்பாக வெளுத்திருந்தன. இடக்கையால் வலது மணிக்கட்டை அழுத்திப் பிடித்துக்கொண்டுதான் எழுதினார். ஆனாலும் வரி தாளின் மேலிருந்து கீழே சரிந்து போயிற்று. எழுத்துகள் ஒன்றின் மேல் ஒன்று விழுந்தன. அவருடைய பெயரே அவருக்கு அடையாளம் தெரியவில்லை.

இன்ஸ்பெக்டர் தாளை எடுத்துப் பார்த்தார். வண்டியின் கழுத்தைத் திரும்பிப் பார்த்தார். மறுபடியும் தாளைப் பார்த்தார்.

“இந்தக் கையாலயா அடிச்சீங்க?”

“ஆமாம்மா.”

அவர் மாதவன் பக்கம் திரும்பினார். “நீங்க என்ன வேலை பாக்குறீங்க?”

“பஃபிங், மேடம்.”

“இது உங்களுக்குத் தெரியாதா?”

சொல்லிவிடாதே, சொல்லிவிடாதே என்று மாரிமுத்து உள்ளுக்குள் கெஞ்சினார். குலசாமி பேரைச் சொல்லிக்கூடக் கெஞ்சினார். மாதவன் அப்பாவைப் பார்க்கவில்லை. வண்டியையும் பார்க்கவில்லை. தன் ஷூவைப் பார்த்தான்.

“தெரியாது மேடம்,” என்றான்.

கேட்டது கிடைத்துவிட்டது. ஆனாலும் இவ்வளவு சீக்கிரம் சொல்லிவிட்டானே என்று மாரிமுத்துவின் மனசு கணக்குப் பார்த்தது, அந்த மனசை அவரே வைதார்.

“அவர் எழுதிக் கொடுத்ததைத்தான் நான் மேல அனுப்ப முடியும்,” என்றார் இன்ஸ்பெக்டர். யாருக்குச் சொன்னார் என்று தெரியவில்லை. வண்டியின் சாவியை வாங்கிக்கொண்டார்.

மாரிமுத்துவைச் சாயங்காலம் வரை போலீஸ் ஸ்டேஷனில் உட்கார வைத்து வழக்குப் பதிந்தார்கள். நம்பரை அழித்தது, பொய் நம்பர் அடித்தது. திருட்டு வண்டியா என்று விசாரித்து முடியும்வரை தினமும் காலையில் வந்து கையெழுத்துப் போட வேண்டும் என்று சொல்லி அனுப்பினார்கள். வீடு வந்து சேருவதற்குள் காவல் வேலைக்கு ஆள் வைக்கும் ஏஜென்சிக்கு ஸ்டேஷனிலிருந்து சேதி போய், அங்கிருந்து போன் வந்தது. வழக்கு உள்ளவரை வைத்துக்கொள்ள முடியாது, யூனிஃபார்மைக் கொண்டு வந்து கொடுத்துவிடுங்கள் என்றார்கள்.

வீட்டில் யாரும் லைட்டைப் போடவில்லை. லாவண்யாதான் போட்டாள். மாதவன் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான்.

“என்ன சொன்னாவ?” என்றாள் பேச்சியம்மாள்.

“நான்தாம்ட்டி அடிச்சேன். துரு புடிச்சிருந்துச்சு. புத்தி கெட்டுப் போயி...”

“ஓ. நீங்கதான் அடிச்சியளோ?”

அவள் அடுக்களைக்குப் போனாள். கருப்பட்டிக் காபி கலக்கும் சத்தம் கேட்டது. டம்ளரை விளிம்பு வரைக்கும் நிறைத்துக் கொண்டு வந்து அவர் முன்னால் வைத்தாள்.

“குடிங்க பாப்போம்.”

மாரிமுத்து டம்ளரைப் பார்த்தார். அத்தனை வருடமாகப் பேசாமல் இருந்ததை அவள் நடுவீட்டில் கொண்டு வந்து வைத்துவிட்டாள்.

“சூடா இருக்கு. ஆறட்டும்.”

“ஆறுனா மட்டும்? எடுங்கன்னா எடுங்க. உங்க மவன் பாக்கட்டும்.”

அவர் எடுத்தார். வாய்க்குக் கொண்டு போவதற்குள் பாதி காபி வேட்டியில் கொட்டியது. பேச்சியம்மாள் முந்தானையால் துடைத்துவிட்டாள், மகன் பக்கம் திரும்பவே இல்லை.

“இந்தக் கைதான் நேரா அடிச்சுச்சாக்கும்,” என்றாள்.

மாதவன் எழுந்தான். “அம்மா, நான் என்ன பண்ணட்டும்? நானா அவரைச் சொல்லச் சொன்னேன்? இப்பப் போய் உண்மையச் சொன்னா ரெண்டு பேருமே உள்ள போகணும். வேலையும் போகும்.” அப்பா பக்கம் திரும்பினான். “சொல்லுங்க, போய்ச் சொல்லிடவா? அப்பா, சொல்லிடவா?”

அவன் கேட்டது நிஜமான கேள்வி இல்லை. பதில் என்ன என்று தெரிந்துதான் கேட்டான். அது மாரிமுத்துவுக்கும் தெரிந்தது. ஆனாலும் அவன் கண்ணில் இருந்த பயம் நிஜம். சின்ன வயசில் இதே வண்டியின் பெட்ரோல் டேங்கில் உட்கார்ந்து வளைவுக்கு வளைவு அவர் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டவனின் பயம்.

“சோத்தைத் தின்னுட்டுப் படுலே,” என்றார். “காலையில வேலைக்குப் போணும்லா.”

மறுநாள் மாரிமுத்து எழுந்தபோது மாதவன் போய்விட்டிருந்தான். லாவண்யா அன்று ஷிஃப்ட்டை மதியத்துக்கு மாற்றிக்கொண்டு மாமனாரோடு கிளம்பினாள். வேண்டாம் என்று அவர் சொன்னதை அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. பஸ்ஸுக்கு வெளியே அவரைக்காய் மூட்டைகளை ஏற்றிக்கொண்டு டெம்போக்கள் பனிக்குள் போய்க்கொண்டிருந்தன.

ஸ்டேஷன் காம்பவுண்டில் பிடிபட்ட வண்டிகள் குவிந்து கிடந்தன. சில வண்டிகளில் கொடி ஏறி டயர் வெடித்திருந்தது. கடைசியில், புத்தம்புது ஹெட்லைட்டும் சேலை கார்டும் மினுங்க அவருடைய வண்டி நின்றது. ஒரு பக்கக் கண்ணாடியை அதற்குள் யாரோ கழற்றியிருந்தார்கள். டேங்கின் மேல் பனி முத்து முத்தாக நின்றது. மாரிமுத்து தோள் துண்டை எடுத்துத் துடைக்கப் போனார், துடைக்கலாமா கூடாதா என்று தெரியாமல் நிறுத்திக்கொண்டார்.

“எதுல போனான்?” என்றார்.

லாவண்யா சாப்பாட்டுப் பையை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டாள்.

“ராமப்பண்ணன் மொபெட்டுல மாமா.”

அவர் தலையை ஆட்டினார். “லேட்டாயிடுச்சா?” என்று கேட்டார்.

“இல்ல மாமா. பெல்லு அடிக்கறதுக்கு முன்னாலயே போய்ச் சேந்துட்டேன்னு போன் பண்ணாரு.”

உள்ளேயிருந்து ஏட்டு பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். மாரிமுத்து போய் மேசை முன்னால் நின்றார். தாள் நழுவாமல் இருக்க அதன் ஓரத்தைப் பிடித்துக்கொள்ளும்படி மருமகளிடம் சொன்னார். அவள் பிடித்துக்கொண்டாள். அவர் கையெழுத்துப் போடத் தொடங்கினார்.